‘பிறேக்’ என்ற ஆங்கில வினை: நேர்ப்பொருளும் உருவகப்பொருளும்

‘பிறேக்’ (break) என்ற ஆங்கில வினைச்சொல் கோப்பைக்கும் வருகிறது, வாக்குறுதிக்கும் வருகிறது, நோன்புக்கும் காய்ச்சலுக்கும் செய்திக்கும் விடியலுக்கும் வருகிறது. அகராதியைத் திறந்தால் பொருள்கள் பத்தி பத்தியாக நீள்கின்றன. இவற்றுள் நேர்ப்பொருள் எது, உருவகப்பொருள் எது, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு தமிழ்ச்சொல் உண்டா, கையில் காசில்லாதவனை ‘புறோக்’ (broke) என்பது எதனால் என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் மொழிபெயர்ப்பாளர் பதவிக்கான போட்டிப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர் என்றும் குறிப்பிட்டிருப்பதால், விடைத்தாளை மனத்தில் வைத்துக்கொண்டே விரிவாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் பொருந்துகிற தமிழ்ச்சொல் இல்லை. அதைத் தேடிப் போகிறவர்கள் ‘வாக்குறுதியை உடைத்தார்’, ‘சட்டத்தை உடைத்தார்’ என்ற இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். ‘பிறேக்’ வந்த இடத்தில் வினையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, கெட்டது எது, அது எந்த வகையில் முழுமையாக இருந்தது என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைத்தால் உரிய தமிழ் வினை தானாகவே வாயில் வரும். இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியதுதான்.

நேர்ப்பொருளிலிருந்து தொடங்குவோம். முழுதாக இருந்த திடப்பொருளொன்று விசை பட்டு முழுமை கெடுவது ‘பிறேக்’. ஆங்கிலத்துக்கு அது கண்ணாடியா, தடியா, கயிறா, எலும்பா என்பது பெரிய வேறுபாடு இல்லை. தமிழுக்கு அதுதான் முக்கியம். கண்ணாடி உடையும், தடி முறியும், கயிறு அறும், சுவர் இடியும், பாறை பிளக்கும், அப்பளம் நொறுங்கும், குளக்கட்டு உடைப்பெடுக்கும். கை ‘உடைந்தது’ என்று தமிழ்நாட்டில் சொல்வதைக் கேட்கலாம்; நம்மவர்க்குக் கை முறியும், அதற்கு முறிவு நெரிவு வைத்தியரிடம் போவார்கள். வேதாகமத்தில் இயேசு அப்பத்தை உடைக்கவில்லை, பிட்டார். ‘அப்பம் பிட்குதல்’ என்பது கிறிஸ்தவர் வழக்கில் நிலைத்துவிட்ட தொடர். நீண்டு விறைப்பானது முறிகிறது, நீண்டு வளைவது அறுகிறது, மென்மையானது பிட்கப்படுகிறது: பொருளின் தன்மையைப் பார்த்தே தமிழ் வினையைத் தெரிவுசெய்கிறது.

இது நம் கற்பனையான பெருமை இல்லை. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வெட்டுவதும் உடைப்பதுமான 61 சிறு காணொளித் துண்டுகளை 28 மொழி பேசுவோருக்குக் காட்டி, ஒவ்வொன்றையும் எந்த வினையால் சொல்கிறார்கள் என்று பதிந்தார்கள். அந்த ஆய்வு 2007 இல் வெளியானது. தமிழும் அந்த 28 இல் ஒன்று. பொருள் எந்த இடத்தில் பிரியும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியதா இல்லையா என்ற வேறுபாட்டை மொழிகள் பரவலாகக் கவனிக்கின்றன என்பது அதன் முக்கிய முடிவு. கத்தி வைத்த இடத்தில் கரட் பிரியும். சுத்தியல் பட்ட கோப்பை எங்கெங்கே சிதறும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டுதலும் உடைதலும் இந்த எல்லையில்தான் பிரிகின்றன. அந்த எல்லைக்குள் எத்தனை வினைகள் என்பது மொழிக்கு மொழி மாறும்.

நேர்ப்பொருளைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லாமல் உருவகத்துக்குப் போக முடியாது. சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970 இல் அடித்தல், உடைத்தல் ஆகிய இரண்டு வகை வினைகளையும் ஒப்பிட்டுக் காட்டினார். ‘கதவை அடித்தான், கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லலாம். ‘கதவை உடைத்தான், கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல முடியாது. அடித்தல் செயலைச் சொல்கிறது. உடைத்தல் விளைவைச் சொல்கிறது. எந்தக் கருவியால், எந்தக் கையால், எவ்வளவு விசையால் என்று ‘பிறேக்’ எதையும் சொல்வதில்லை. முன்பு முழுதாக இருந்தது இப்போது அப்படி இல்லை என்பது மட்டுமே அதன் உள்ளடக்கம். கையும் கருவியும் பொருளுக்குள் இல்லாததால், தொட்டுணர முடியாத பொருள்களுக்கும் அந்தச் சொல்லைக் கொண்டுபோவது எளிதாகிறது. இவ்வளவு உருவகப்பொருள்கள் இந்த வினையில் வந்து சேர்ந்ததற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் ‘தடி பிறேக் ஆனது’, ‘அவன் தடியை பிறேக் செய்தான்’ ஆகிய இரண்டுக்கும் வினைவடிவம் ஒன்றே. தமிழில் முறிந்தது – முறித்தான், உடைந்தது – உடைத்தான், கிழிந்தது – கிழித்தான் என்று தன்வினையும் பிறவினையும் வடிவிலேயே பிரிகின்றன. ஆகவே ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் யார் என்று பாராமல் மொழிபெயர்த்தால், தானாகக் கெட்டதை ஒருவர் தலையில் போட்டுவிடும் ஆபத்து உண்டு. வழக்கு ஆவணங்களில் இது சிறிய பிழை இல்லை.

கைத்தொலைபேசி ஓர் எல்லைக்கல். திரையில் கீறல்கூட இல்லாமல், இயங்காமல் கிடக்கும் தொலைபேசியையும் ஆங்கிலம் ‘புறோக்கன்’ என்கிறது. வெள்ளவத்தையில் எந்தத் திருத்தும் கடையிலாவது போய், “தம்பி, போன் உடைஞ்சு போச்சு” என்று சொல்லிப் பாருங்கள்; அவர் கையில் வாங்கி முதலில் கண்ணாடியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “போன் பழுதாப் போச்சு” என்றால் சார்ஜ் ஏறுகிறதா என்று கேட்பார். உருவம் கெட்டதற்கும் இயக்கம் கெட்டதற்கும் நாம் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். இயந்திரத்தின் முழுமை அதன் இயக்கத்தில் இருக்கிறது என்று ஆங்கிலம் கருதுவதால் அங்கே இரண்டும் ஒன்றாகின்றன. நேர்ப்பொருளிலிருந்து உருவகத்துக்குப் போகும் படியில் முதல் அடி இதுதான். இதை உருவகம் என்றே பல ஆங்கிலேயர் உணரமாட்டார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் இது ‘பிரெகன்’. ஜெர்மன் மொழியின் ‘பிரெஹன்’ இதன் உடன்பிறப்பு. லத்தீன் மொழியின் ‘ஃபிராங்கெரே’ அதே மூலவேரிலிருந்து வந்தது. எலும்பு முறிவைக் குறிக்கும் ‘ஃபிராக்சர்’, எளிதில் உடைவதைக் குறிக்கும் ‘ஃபிரஜைல்’, கணிதத்தில் வரும் ‘ஃபிராக்சன்’ எல்லாம் அந்த லத்தீன் கிளை. கணிதத்தில் நாம் எழுதும் ‘பின்னம்’ என்ற சொல்லும் உடைந்தது, பிளந்தது என்ற பொருளுள்ள வடசொல்தான். சின்னாபின்னம் என்பதில் அதை இன்னும் நேர்ப்பொருளிலேயே கேட்கலாம். முழு எண் உடைந்தால் வருவது என்ற அதே எண்ணம் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது.

இனி உருவகங்கள். ஒரு பொருள் உடையும்போது மூன்று விடயங்கள் சேர்ந்து நடக்கின்றன: அதன் முழுமை கெடுகிறது, தொடர்ச்சி அறுகிறது, ஓடு உடைந்தால் உள்ளே இருந்தது வெளியே வருகிறது. ‘பிறேக்’ என்ற வினையின் உருவகங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை.

முதல் வகையில் வாக்குறுதி, சட்டம், ஒப்பந்தம், மனம் முதலியன அடங்கும். ஆங்கிலம் இவற்றை எல்லாம் கோப்பைபோல முழுதான பொருள்களாகப் பார்க்கிறது. தமிழ் அப்படிப் பார்ப்பதில்லை என்பதை வினைகளே சொல்கின்றன. சட்டத்தை மீறுகிறோம்: சட்டம் ஓர் எல்லை, அதைக் கடந்து போகிறோம். வாக்குத் தவறுகிறோம்: வாக்கு ஒரு பாதை, அதிலிருந்து வழுவுகிறோம். கலியாணப் பேச்சுக் குழம்புகிறது: அது தெளிந்திருந்த நீர். உறவு முறியவும் செய்யும், அறவும் செய்யும்; முறிவதில் ஒரு சத்தம் இருக்கிறது, அறுவதில் இழை இழையாகத் தேய்ந்த காலம் இருக்கிறது, இரண்டையும் மாற்றிப் போட்டால் வாசகருக்கு வேறு கதை கிடைக்கும். மனம் மட்டும் இரண்டு மொழியிலும் உடைகிறது. நாமும் மனமுடைந்து போகிறோம். ஆகவே ‘ஒப்பந்தத்தை உடைத்தார்’ என்று எழுதுவது பொருள் விளங்காத பிழையில்லை, விளங்கும். ஆனால் தமிழ் அந்தப் பொருளை எந்த வடிவத்தில் கண்டிருக்கிறதோ அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஆங்கிலக் கண்ணை வைப்பதாகும். பரீட்சகர் புள்ளி குறைப்பது ஒரு புறமிருக்க, எனக்கு அது உண்மையாகவே வலிக்கிற விடயம்.

இரண்டாம் வகை தொடர்ச்சி அறுவது. மௌனம் கலைவது, நித்திரை குழம்புவது, வேலைக்கு நடுவே தேநீர் இடைவேளை விடுவது எல்லாம் இங்கே வரும். முத்தையா முரளிதரன் வீசிய பந்துக்கு ‘ஓஃப் பிறேக்’ என்று பெயர் வந்ததும் இதனால்தான்: நேராக வந்த பந்து தரையில் பட்டதும் தன் கோட்டை விட்டுத் திரும்புகிறது. 2010 இல் காலி நகர மைதானத்தில் அவர் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது பந்தில் எதுவும் உடைந்திருக்கவில்லை, அதன் கோடுதான் உடைந்தது. கிரிக்கெட் விதிகளில் இன்னொரு ‘பிறேக்’ உண்டு. விக்கெட் ‘உடைந்தது’ என்று எப்போது கொள்வது என்பதற்கு இப்போதுள்ள விதிக்கோவையின் 29 ஆம் விதி வரையறை தருகிறது: தண்டுகளின் மேலுள்ள ஒரு ‘பெயில்’ முழுதாக நீங்கினாலோ ஒரு தண்டு நிலத்திலிருந்து பெயர்ந்தாலோ போதும். மரத்தில் ஒரு கீறல்கூட விழ வேண்டியதில்லை. இங்கே விக்கெட்டின் முழுமை என்பது அதன் அமைப்பு, மரம் அன்று.

நோன்பு இந்த வகையில்தான் வருகிறது, இதில் சற்று நேரம் செலவழிக்க வேண்டும். ஆங்கிலத்தில் நோன்பை ‘பிறேக்’ செய்வது என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று, நோன்பு உரிய நேரத்தில் நிறைவுற்று உணவு உண்பது. காலை உணவுக்கான ஆங்கிலப் பெயரே இந்தப் பொருளில் பிறந்ததுதான், இரவு முழுவதும் உண்ணாதிருந்ததைக் காலையில் முடிப்பது. மற்றொன்று, நேரத்துக்கு முன்பே எதையாவது உட்கொண்டு நோன்பைக் கெடுத்துக்கொள்வது. முதலாவது கடமையின் நிறைவு, இரண்டாவது அதன் கேடு. ஆங்கிலத்தில் வினை ஒன்றே. கொழும்பில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்புவதில்லை. சூரியன் மறைந்து பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறக்கிறார்கள். சிலர் துறத்தல் என்றும் சொல்வார்கள், எழுதுவார்கள். பகலில் வேண்டுமென்று உண்டால் நோன்பு முறியும். ‘நோன்பு திறக்கும் நேரம்’ என்றும் ‘நோன்பை முறிக்கும் காரியங்கள்’ என்றும் இரண்டு தொடர்களும் நிலைபெற்றுவிட்டன. சைவர்களுக்கு விரதம் முடிப்பது வேறு, விரதம் குழம்புவது வேறு. கந்தசஷ்டியில் ஆறு நாள் இருந்தவர் ஏழாம் நாள் பாறணை செய்கிறார். ஆகவே ஆங்கில மூலத்தில் இந்தத் தொடர் வந்தால், நோற்றவர் எந்தச் சமயத்தவர், வேளை எது என்ற இரண்டையும் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள். ஒரு முஸ்லிம் பெரியவர் மாலையில் ‘நோன்பை முறித்தார்’ என்று பத்திரிகையில் அச்சானால், அது மொழிப்பிழையோடு நிற்காது. அவர் செய்யாத ஒரு குற்றத்தை அவர்மேல் சுமத்துவதாகிவிடும்.

காய்ச்சலும் இங்கேதான். தொடர்ந்து அடித்த காய்ச்சல் இறங்குவதை ஆங்கிலத்தில் காய்ச்சல் ‘பிறேக்’ ஆனது என்பார்கள். நாம் காய்ச்சல் விட்டது என்போம். மொழிபெயர்ப்பாக இதில் சிக்கல் இல்லை, ஆனால் கொழும்பில் இருக்கிற நமக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. ஆங்கிலத் தொடரில் ‘கண்டம் கழிந்தது’ என்ற ஆறுதல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெங்கு நோயில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் வேளையில்தான், அதாவது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். அது ஒன்று அல்லது இரண்டு நாள் நீடிக்கும். ஆகவே சுகாதாரத் துண்டுப்பிரசுரம் ஒன்றை மொழிபெயர்க்கும்போது ‘காய்ச்சல் தணிந்து குணமாகும்போது’ என்று அழகுபடுத்தி எழுதிவிடாதீர்கள். ‘காய்ச்சல் விட்ட பின்னரும்’ என்று, அந்த ‘உம்’ விகுதியோடு எழுதுங்கள்.

மூன்றாம் வகையில் ஓடு உடைந்து உள்ளிருப்பது வெளிப்படுகிறது. இருளை உடைத்துக்கொண்டு பகல் வருகிறது, பொறுமை உடைந்து போர் வெளிப்படுகிறது, தொற்றுநோய் எங்கிருந்தோ புறப்படுகிறது. தமிழில் பொழுது புலரும், விடியும், தீயைப் போலப் போர் மூளும், கலவரம் வெடிக்கும், நோய் பரவும். கைதிகள் தப்பும்போது மட்டும் நாமும் உடைத்தலையே எடுக்கிறோம்: 1983 இல் மட்டக்களப்பில் நடந்ததைச் சிறையுடைப்பு என்றே இன்றும் சொல்கிறோம்.

இந்த வகைக்கும் முந்திய வகைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு தொடர் பருவமழை பற்றியது. பழைய ஆங்கிலக் குறிப்புகளில் ‘மொன்சூன் பிறேக்’ ஆனது என்றால் மழை கொட்டத் தொடங்கியது என்று பொருள். திரண்ட மேகம் உடைந்து நீர் வெளிப்பட்டது. வானிலையாளர் மொழியில் பருவமழையில் ‘பிறேக்’ என்றால் மழை சில நாள் ஓய்ந்திருப்பது, தொடர்ச்சி அறுந்தது. ஒரே சொல், ஒன்றில் மழை வருகிறது, மற்றதில் நிற்கிறது. மேலே சொன்ன மூன்று வகைகளில் எது என்று பிரித்தறியாமல் அகராதியை மட்டும் நம்பினால் இங்கே மழையையே தலைகீழாக எழுதிவிட நேரும். அதே தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளிலிருந்து கொழும்புத் துறைமுகத்தைக் காக்க 1875 இல் அடிக்கல் நாட்டி 1885 இல் கட்டி முடித்த தென்மேற்கு அலைதடுப்பை ஆங்கிலத்தில் ‘பிறேக்வோட்டர்’ என்பார்கள். தண்ணீரை யாராலும் உடைக்க முடியாது, உடைவது அலையின் வேகம்.

செய்தியும் இதே வகைதான், ஆனால் அதில் இரண்டு தொடர்கள் கலந்திருக்கின்றன. தொலைக்காட்சியில் வருவது முதன்முதலாக வெளிவந்த செய்தி. அதற்கு ‘சற்றுமுன் கிடைத்த செய்தி’, ‘உடனடிச் செய்தி’ என்று எழுதுகிறோம், போதுமானது. வீட்டில் ஒருவரின் மரணத்தைத் தாயாரிடம் சொல்வதும் ஆங்கிலத்தில் செய்தியை ‘பிறேக்’ செய்வதுதான். அந்தத் தொடர் சொல்கிறவரின் தயக்கத்தையும் கவனத்தையும் தன்னோடு கொண்டுவருகிறது. தமிழில் உடைத்தலுக்கு இதற்கு நேர்மாறான தொனி. ஒருவர் ‘போட்டுடைத்தார்’ என்றால் மறைத்திருக்க வேண்டியதை வெளிப்படையாகக் கொட்டிவிட்டார் என்று பொருள். ‘தேங்காய் உடைத்தாற்போலச் சொன்னார்’ என்றால் சுற்றி வளைக்காமல் முகத்துக்கு நேரே சொன்னார் என்று பொருள். ஆகவே தாயாரிடம் சொல்லும் இடத்தில் உடைத்தல் என்ற சொல்லின் நிழல்கூட விழக்கூடாது. “அம்மாட்ட பக்குவமாச் சொல்லுங்கோ” என்று செத்தவீட்டுக்குப் போகும் வழியில் பெரியவர்கள் சொல்வார்கள். பக்குவமாகத் தெரிவித்தல் என்பதே அங்கே சரியான மொழிபெயர்ப்பு.

சில இடங்களில் உருவகம் சட்டத்தின் வரையறையாகவே இறுகிவிட்டது. இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் வரும் ‘வீடுடைத்தல்’ அப்படிப்பட்டது. பூட்டைத் திறந்து நுழைந்தாலும் மதிலேறி உள்ளே இறங்கினாலும் அது வீடுடைத்தலாகலாம். ஒரு செங்கல்லும் பெயர்ந்திருக்க வேண்டியதில்லை. உடைந்தது சுவர் இல்லை, வீடு தரும் காப்பு. நீதிமன்ற ஆவணத்தில் இந்தத் தொடரைக் கண்டு ‘உடைப்பு எங்கே’ என்று தேடி, ‘வீட்டினுள் புகுதல்’ என்று திருத்த முற்படாதீர்கள். அத்துமீறி நுழைதல் வேறு குற்றம், வேறு தண்டனை. சட்டத்தில் வழங்கும் சொல்லை அப்படியே வைப்பதே முறை.

இவ்வளவு பொருள் ஒரு சொல்லுக்கு இருந்தும் ஆங்கிலேயர் குழம்பாமல் பேசுவது எப்படி? இதற்குத் தொல்காப்பியம் விடை வைத்திருக்கிறது. பலபொருள் ஒருசொல் இரண்டு வகை என்கிறது அது: வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது. ‘மா’ என்றால் மரமும் உண்டு, விலங்கும் உண்டு. ‘மா பூத்தது’ என்றதும் மரம் என்று தெளிந்துவிடுகிறது. சேர்ந்து வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் விளங்கும். ‘மா வீழ்ந்தது’ என்றால் விளங்காது. மரமும் விழும், விலங்கும் விழும். அங்கே எது என்று கிளந்து சொல்லியாக வேண்டும். அதிலே பெயருக்குச் சொன்னதை இங்கே வினைக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘பிறேக்’ என்ற வினை பலபொருள் ஒருசொல். பக்கத்தில் நிற்கும் பெயர், விடியலோ எலும்போ, அதைத் தெளிவாக்குகிறது. நோன்பும் பருவமழையும் மட்டும் ‘மா வீழ்ந்தது’ போன்றவை. பெயர் தெரிந்தும் பொருள் தெரிவதில்லை. மூலத்தில் இருக்கும் அந்த ஐயத்தைத் தமிழில் கிளந்து தீர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.

உருவகம் ஆங்கிலத்துக்கே உரியது என்று நினைத்துவிட வேண்டாம். நம்மிடம் ‘இறு’ என்று ஒரு பழைய வினை இருந்தது. முறிவதுதான் அதன் நேர்ப்பொருள். இராமன் வில்லை ஒடித்ததைக் கம்பர் “எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்” என்கிறார்: எடுத்ததைக் கண்கள் கண்டன, முறிந்ததைக் காதுகள்தான் கேட்டன. அந்த ‘இறு’ முறிதலிலிருந்து முடிதலுக்குப் போனது. இறுதி என்ற சொல் அதன் வழி வந்தது. இன்று இறுதிக்கிரியை என்று மரண அறிவித்தலில் அச்சிடுகிறவர் யாரும் அதில் ஒரு முறிதலைக் கேட்பதில்லை. உருவகம் பழகிப்போனால் நேர்ப்பொருள் மறைந்துவிடும் என்பதற்கு இது நம் வீட்டுச் சான்று.

கூட்டுவினைகளை நீட்டி எழுத வேண்டியதில்லை. ‘டவுன்’ சேர்ந்தால் வாகனம் பழுதாகி நிற்கும், மனிதர் உடைந்து அழுவார், செலவு வகைவகையாகப் பிரிக்கப்படும்; ‘அப்’ சேர்ந்தால் கூட்டம் கலையும், காதலர் பிரிவர், பாடசாலை விடுமுறை விடும்; ‘த்ரூ’ சேர்ந்தால் தடை தாண்டப்படும். ஆயிரம் ரூபாய்த் தாளை ‘பிறேக்’ செய்வது மாற்றுவது. சாதனை முறியடிப்பு என்பது ஆங்கிலத்தைப் பார்த்து வந்திருந்தாலும், எதிரிப் படையை முறியடிப்பது நமக்குப் பழைய வழக்கு என்பதால் ஒட்டாமல் நிற்கவில்லை, தாராளமாக எழுதுங்கள். ‘பனியை உடைத்தல்’ அப்படி ஒட்டாது. தயக்கம் நீங்கியது, பேச்சுத் தொடங்கியது என்று எழுதினால் போதும். வண்டியை நிறுத்தும் பிறேக் எழுத்தில் வேறு சொல், ஒலியில் மட்டும் ஒன்று. அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, ‘புறோக்’ ஆனவன். இது ‘பிறேக்’ என்ற வினையின் பழைய எச்சவடிவம், இன்று பேச்சுவழக்கில் கையில் பணமில்லாதவரைக் குறிக்கிறது. முழுதாக இருந்த செல்வம் கெட்டது என்பதால் முதல் வகை. இதற்கு இணையாக இலங்கைத் தமிழில் நாம் எழுதும் ‘வங்குரோத்து’ என்ற சொல்லிலும் ஓர் உடைதல் இருக்கிறது. ஒல்லாந்தர் கொழும்பை 1656 முதல் 1796 வரை ஆண்டார்கள். அவர்களுடைய மொழியில் கடன் தீர்க்க முடியாத நிலைக்குள்ள சொல்லின் வழிவந்தது இது. அந்தச் சொல்லின் மூலம் இத்தாலிய மொழியில் ‘உடைந்த மேசை’ என்று பொருள்படும் தொடர், பணம் மாற்றுவோரின் மேசை. ஆங்கிலத்தின் ‘பாங்க்ரப்ட்’ என்பதும் அதே குடும்பம். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய பிறகு இந்தச் சொல்லை நம் பத்திரிகைகளில் நாள்தோறும் பார்த்தோம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம்: வங்குரோத்து என்பது ஒரு நாட்டுக்கோ வியாபாரத்துக்கோ சொல்லும் கனமான சொல், ‘புறோக்’ என்பது மாதக் கடைசியில் நண்பனிடம் சொல்வது. வினாத்தாளில் ஒரு மாணவன் தன் நண்பனிடம் அப்படிச் சொல்வதாக வந்தால், ‘கையில் சல்லிக்காசு இல்லை’ என்று எழுதுங்கள்.